ஸ்கிராப் கணக்குக்கு இங்கே பார்க்கவும்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் நின்றுபோவதற்கென்று சில காரணங்கள் உண்டு. ஜாதகம் சரியில்லை, நகை விஷயத்தில் பேச்சு தடித்துவிட்டது, பையன் குடிப்பான் என்று யாரோ போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள். தாய்மாமனிடம் முதலில் சொல்லவில்லை என்பதற்காக நின்ற கல்யாணம்கூட எனக்குத் தெரியும். ஆனால் கம்ப்யூட்டரில் 'ரீப்ளேஸ் ஆல்' என்ற பட்டனை அமுக்கியதால் நின்றது, வைகைக்கு இந்தக் கரையிலும் சரி அந்தக் கரையிலும் சரி, என் கல்யாணம் ஒன்றுதான்.

அப்போது கோச்சடையில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தேன். (இப்போதும் அங்கேதான் பார்க்கிறேன். அது தனிச் சோகம்.) கீழே டயர் கடை, மாடியில் நாங்கள். சிறு தொழிற்சாலைகளுக்கு இருப்பு, உற்பத்தி, பில் என்று எல்லாக் கணக்கும் வைக்கிற சாப்ட்வேர் ஒன்றைச் செய்து விற்றோம். வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் கப்பலூர் தொழிற்பேட்டைக்காரர்கள். முதலாளி சிக்கந்தர் அண்ணன், டவுனுக்குள் தலைமுறையாக ஜவுளி வியாபாரம் பார்த்த குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கு சாப்ட்வேரும் சேலை மாதிரிதான். விரித்துக் காட்டினால் கறை தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

அந்த சாப்ட்வேருக்கு ஓர் உதவிக் கையேடு இருந்தது. பலபேர் பல காலத்தில் கைவைத்து வளர்த்த ஒரே நீளமான டாக்குமெண்ட். எதைத் தேடினாலும் அதில் நேரடியாகப் பதில் இருக்காது, 'இங்கே பார்க்கவும்' என்று ஒரு லிங்க் இருக்கும். அதை அமுக்கினால் இன்னோர் இடத்தில் இன்னொரு 'இங்கே பார்க்கவும்'. தாலுகா ஆபீசுக்குப் போய்வந்த களைப்பு அதிலேயே கிடைத்துவிடும். இதைத் தனித்தனி இணையப் பக்கங்களாக மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. அப்படி மாற்றும்போது ஒவ்வொரு பகுதியின் முகவரியும் மாறிவிடும், பழைய லிங்க் எதுவும் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. ஒவ்வொன்றாகத் திறந்து, படித்து, புது முகவரி கொடுக்க வேண்டும். அதற்கு மூளை வேண்டாம், பொறுமை போதும். என்னிடம் இரண்டும் கிடையாது என்பதை யாரும் சிக்கந்தர் அண்ணனிடம் சொல்லவில்லை.

அந்த வேலை ஓடிக்கொண்டிருந்தபோதுதான் நாகமலை புதுக்கோட்டையில் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா தவமணி, கப்பலூரில் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனி வைத்திருந்தார். எம்.காம். படித்திருந்த பெண் சங்கீதா, அந்தக் கம்பெனியின் கணக்கு முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று கேட்டதும் தவமணிக்கு முகமெல்லாம் பல்.

"அட, நம்ம கம்பெனியிலயும் ஒங்க சாப்ட்வேர்தான் மாப்ள. வீட்டுக்குள்ளயே ஆளு வந்தாச்சுல்ல, இனி என்ன கவல."

பெண்ணும் பையனும் தனியாகப் பேசட்டும் என்று எங்களை மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள். பிடித்த நிறம், பிடித்த சாப்பாடு என்று ஏதாவது கேட்பாள் என்று பதில்களோடு போயிருந்தேன்.

"அந்த ஹெல்ப் பக்கமெல்லாம் நீங்கதான் பண்றீங்களா?" என்றாள்.

"ஆமா."

"ஸ்கிராப் கணக்குக்கு இங்கே பார்க்கவும்னு ஒண்ணு போட்டுருக்கீங்க. நானும் எம்புட்டோ தடவ அமுக்கிட்டேன். ஒண்ணுமே வரல. மூடி அடிக்கும்போது கழிவு விழுகுதுல்ல, அத இருப்புல எப்படிக் கழிக்கிறதுன்னு தெரியல. மாசக் கடைசியில கணக்கு ஒதைக்குது, அப்பாகிட்ட வாங்கிக் கட்டிக்கிறேன்."

எனக்கு அந்த நிமிடமே அவளைப் பிடித்துவிட்டது. கறுப்பு, களையான முகம், சுற்றிவளைக்காத பேச்சு. என் வேலையை அதுவரை யாரும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

"அடுத்த வாரம் புதுசு வருது. அப்ப அமுக்கிப் பாருங்க, கண்டிப்பா வரும்."

"வருமா?"

"நான் பொறுப்பு" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. அந்தக் காட்சியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அந்த நெஞ்சிலேயே ஓங்கிக் குத்த வேண்டும் போலிருக்கிறது.

இரண்டு வீட்டாருக்கும் சம்மதம். அடுத்த வாரப் புதன்கிழமை முகூர்த்தத்தில் பூ வைத்து உறுதி செய்வது என்று பேசி முடித்தார்கள்.

நான் மறுநாளே ஆபீசுக்குப் போய் அந்த ஸ்கிராப் லிங்கைத்தான் முதலில் சரிசெய்திருப்பேன் என்று நினைப்பீர்கள். செய்யவில்லை. எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கடைசியில் நிதானமாக, படமெல்லாம் போட்டு, அவளுக்காகவே அழகாகச் செய்ய வேண்டும் என்று ஒதுக்கிவைத்தேன். அதற்குப் பெயர் காதல் என்று நினைத்திருந்தேன். சோம்பேறித்தனம் என்று பிற்பாடு தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சிக்கந்தர் அண்ணன் என் மேசைக்கு வந்தார். "நாளைக்கு நம்ம பசங்க பென்டிரைவ எடுத்துக்கிட்டு கப்பலூர் போறாங்க. அம்புட்டு கம்பெனியிலயும் புதுச ஏத்தணும். செகப்பு ஒண்ணு இருக்கப்படாது, பாத்துக்க."

சிவப்பு என்று அவர் சொன்னது லிங்குகளைச் சோதிக்கிற ஒரு கருவியைப் பற்றி. லிங்கை அமுக்கினால் பக்கம் திறக்காவிட்டால் சிவப்பு காட்டும், திறந்தால் பச்சை. திறப்பது சரியான பக்கமா என்பது பற்றி அதற்குக் கவலை கிடையாது. என் திரை அன்றைக்கு மிளகாய் காயப்போட்ட களம் மாதிரி சிவந்து கிடந்தது. நான் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். செத்த லிங்குகளை எல்லாம் இப்போதைக்குக் கையேட்டின் முதல் பக்கத்துக்கே திருப்பிவிடுவது, பிறகு சாவகாசமாகச் சரிசெய்வது. (என் வாழ்க்கையில் அந்தச் சாவகாசம் என்றைக்கும் வந்ததில்லை.) முதல் பக்கத்தின் முகவரியைக் காப்பி செய்தேன். போன் அடித்தது. அம்மா.

"ஏண்டா, பொண்ணோட சித்தப்பா ஒன் பயோடேட்டா வேணும்ங்கிறாரு. அந்த லிங்க அவருக்கு அனுப்பி விடு."

என் பயோடேட்டா எங்கள் தெருமுனை பிரவுசிங் சென்டரில் அம்மா தயாரித்தது. கடைக்காரரே தட்டச்சு செய்து, போட்டோ ஒட்டி, யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி இணையத்தில் ஏற்றிக் கொடுத்திருந்தார். நான் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. என்னைப் பற்றி எனக்குத் தெரியாததா அதில் இருக்கப்போகிறது என்ற திமிர். அந்த லிங்கைக் காப்பி செய்து சித்தப்பாவுக்கு அனுப்பினேன். (அவரும் திறந்து பார்க்கவில்லை. அனுப்பச் சொல்லிக் கேட்பதோடு மாப்பிள்ளை விசாரிக்கும் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார்.) போனை வைத்துவிட்டு, விட்ட இடத்துக்கு வந்து, பேஸ்ட் செய்து, 'ரீப்ளேஸ் ஆல்' அமுக்கினேன். கருவியை ஓட்டினேன். பச்சை, பச்சை, பச்சை. சிக்கந்தர் அண்ணன் என் முதுகில் தட்டி ஜிகர்தண்டா வாங்கிக்கொடுத்தார்.

திங்கட்கிழமை காலையில் முதல் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது அண்ணனின் வழக்கம்.

"அண்ணே, பிரிண்டர் ஓடலன்னு ஹெல்ப்ப அமுக்குனேன். ஒரு பையன் கோட்டுப் போட்டு நிக்கிறான். என்னண்ணே இது?"

அண்ணன் தன் கம்ப்யூட்டரில் ஒரு லிங்கை அமுக்கினார். ஸ்டூடியோ அருவிக்கு முன்னால், வாடகைக் கோட்டில், நான். இன்னொன்றை அமுக்கினார். நான். வரிக் கணக்கு, கடவுச்சொல் மறந்தால் செய்ய வேண்டியது, எதை அமுக்கினாலும் அதே அருவி, அதே கோட்டு.

"மாஷா அல்லாஹ், போட்டோ நல்லாத்தான் விழுந்துருக்கு" என்றார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "டீம் லீடர்னு போட்டுருக்கு. யாருக்குப்பா நீ லீடரு?"

அந்தப் பிரிவில் நான் ஒருவன்தான் இருந்தேன். ஒரு டேபிள் பேன் இருந்தது, அதுவும் என் பேச்சைக் கேட்காது.

மத்தியானத்துக்குள் போன் சூடாகிவிட்டது. திட்டியவர்கள் போக, ஒருவர் நிஜமாகவே அக்கறையாக விசாரித்தார். "பையன் பாக்க லட்சணமாத்தான் இருக்காப்ல. குலசாமி எதுன்னு போடலயே?" அண்ணன் என்னைப் பார்த்தார்.

சாயங்காலம் அப்பாவுக்குத் தவமணியிடமிருந்து போன் வந்தது. "பூ வைக்க நாள் குறிச்சிட்டு, இன்னும் கம்பெனி கம்பெனியா நோட்டீசு ஒட்டிக்கிட்டு இருக்கீகளா? கப்பலூருல அத்தன பேரும் என்னையப் பாத்துச் சிரிக்கிறான். ஒங்க மாப்ள எங்க கம்ப்யூட்டர்லயும் பொண்ணு தேடுறாராமேன்னு கேக்குறான்."

அப்பாவுக்கு லிங்க் என்றால் என்னவென்றே தெரியாது. நானே நேரில் போய் விளக்கினால் சரியாகிவிடும் என்று மறுநாள் காலையில் கப்பலூர் போனேன். கம்பெனியின் கண்ணாடி அறையில் தவமணி உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேசையில், கம்ப்யூட்டர் முன்னால், சங்கீதா. முதல் பக்கத்தைக் காப்பி செய்தது, அம்மாவின் போன் வந்ததும் அதன்மேல் பயோடேட்டாவைக் காப்பி செய்தது, மறந்துபோய் அதையே பேஸ்ட் செய்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். தவமணி குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் முகம் கொஞ்சம் இளகியதைப் பார்த்து எனக்கு உயிர் வந்தது.

அப்போது சங்கீதா திரையை என் பக்கம் திருப்பினாள். "இதையும் கை தவறிப் போட்டதா?"

என் பயோடேட்டாவை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்தேன். கடைசி வரி: 'எதிர்பார்ப்பு: நல்ல சிவந்த நிறமுள்ள பெண் மட்டும்.'

"இத நான் எழுதல" என்றேன். "பிரவுசிங் சென்டர்காரரு எல்லாருக்கும் போடுற வரி அது. சத்தியமா நான் பாக்கல."

"படிக்கவே இல்லையா?"

"இல்ல."

"ஒங்களப் பத்தி எழுதுனத நீங்களே படிக்காம ஊருக்கெல்லாம் அனுப்பி விட்டீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. அவள் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள். ஸ்கிராப் கணக்கைக் கேட்ட அதே குரல்.

"நான் கேட்டது கழிவக் கழிக்கிறது எப்படின்னுதான்" என்று சொல்லி, திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தவமணி எழுந்தார். "டீ வரச் சொல்லிருக்கேன். குடிச்சிட்டுப் போங்க தம்பி."

மாப்ள தம்பியாகிவிட்டான் என்பது புரிந்தது. டீ வந்தது, குடித்தேன். சர்க்கரை நிறையப் போட்டிருந்தார்கள்.

புதன்கிழமைக்காக வாங்கிய பூவை அம்மா சாமிக்கு வைத்தாள். சொந்தக்காரர்களிடம் "கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு" என்றாள். அவர்களும் எங்கள் வீட்டு கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார்கள். சிக்கந்தர் அண்ணன் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. "ஒவ்வொண்ணையும் தொறந்து, படிச்சு, சரி பண்ணு" என்றார். பண்ணினேன். ஒரு லிங்க் விடாமல், படித்துப் படித்து. ஸ்கிராப் பக்கத்தை முதலில் செய்தேன். புதுக் கையேட்டை எடுத்துக்கொண்டு பையன்கள் மறுபடி கப்பலூர் போனார்கள். தவமணி கம்பெனியில் மட்டும் உள்ளே விடவில்லை. "அந்தக் கம்பெனிக்காரன் எவனும் இங்கிட்டு வரக்கூடாது" என்று வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருந்தார்.

அந்த பயோடேட்டாவையாவது அழித்துவிடலாம் என்று போனால், பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் புரோட்டாக் கடை இருந்தது. பழைய கடைக்காரர் திருப்பூர் போய்விட்டார் என்றார்கள். அவருடைய பாஸ்வேர்டு அவரோடு போய்விட்டது.

போன ஆவணியில் நாகமலை புதுக்கோட்டையில் ஒரு கல்யாணம். பையன் வீட்டுக்காரர்கள் எங்களுக்குச் சொந்தம் என்பதால் போயிருந்தேன். பெண் வீடு தவமணிக்குச் சொந்தம் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. மண்டப வாசலில் யாரோ ஒருவர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அண்ணே, ஒங்களத் தெரியாம இருக்குமா? மாசாமாசம் பாக்குறேனே."

பின்னால் சங்கீதா நின்றிருந்தாள். அவர் அவளுடைய கணவர். கம்பெனியை இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறாராம். அதே சாப்ட்வேர், நான் சீரழித்த அதே கையேடு. ஹெல்ப்பை அமுக்கினால் இன்றும் நான்தான் வருகிறேன்.

"எங்க வீட்டுல மிக்ஸி ஓடலன்னாக்கூட, ஹெல்ப்ப அமுக்கு, கோட்டுக்காரரு வருவாருன்னுதான் சொல்லிக்குவோம்" என்றார். நல்ல மனுஷன். என்னையும் சேர்ந்து சிரிக்கச் சொல்கிற மாதிரி சிரித்தார். பிறகு தன் அம்மாவைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். அந்த அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, "போட்டோவுல முடி இருக்குமே" என்றார். உண்மைதான். அந்தப் பக்கத்தில் எனக்கு முடி இருக்கிறது, டீம் லீடர் வேலை இருக்கிறது, பெண் தேடுகிற வயது இருக்கிறது. நேரில்தான் ஒன்றும் இல்லை. எந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போயிருக்க வேண்டுமோ, அந்த வீட்டில் சொல்லிச் சிரிக்கிற கதையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

அவர் யாரையோ வரவேற்க நகர்ந்ததும் சங்கீதா கேட்டாள். "அந்த ஸ்கிராப் கணக்குல, இங்கே பார்க்கவும்னு இருந்துச்சுல்ல. அங்க என்னதான் இருக்கும்?"

எனக்கு அது மனப்பாடம். "கழிவோட எடையப் போட்டுட்டு, இருப்புத் திருத்தம்ங்கிற பக்கத்துக்குப் போயி ஒருதடவ சேவ் பண்ணணும். தானாக் கழிஞ்சிரும்."



"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்."

மண்டபத்துக்குள்ளிருந்து தவமணியின் குரல் கேட்டது. "மாப்ள, பந்தி போட்டாச்சு, வாங்க."

நானும் திரும்பிவிட்டேன். தவமணி என்னைப் பார்த்தார், அவருடைய மாப்பிள்ளையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்களும் சாப்பிட்டுப் போங்க" என்றார்.

போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். நல்ல பசி.