கழுதைக்குத் தலைவணங்கிய அம்பு

பஞ்சகெந்துச் சந்தை அன்று பித்துப்பிடித்து ஆடியது. 'சுக்த்' என்ற தங்கள் ஆதி முன்னோர் இனத்தின் பெயர் நெருப்பிலிருந்து வந்ததா, வில்லிலிருந்து வந்ததா என்று படித்தவர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். சந்தையில் கடைவிரித்திருந்த மகான் தொஜிபாய் அதை ஒரே கனவில் முடித்துவிட்டாராம்! ரொட்டி சுடுபவனிடம் "நெருப்பு" என்றார். வேட்டைக்காரனிடம் "வில்" என்றார். முன்னோர்கள் ஆளைப் பார்த்துப் பேசுவார்கள் போலும்.

யார் அசல் சுக்த் வாரிசு என்று கண்டுபிடிக்க அவர் வைத்த சோதனை எளிது. அவர் தரும் ரொட்டியை ஏந்தி நிற்க வேண்டும். அசல் சுக்த் ரத்தமென்றால், நூலில் தொங்கும் இரும்பு அம்பு ரொட்டியின் பக்கம் சாயும். ஆடு கொண்டுவந்தவர்களின் ரத்தமெல்லாம் எப்படியோ அசலாகவே இருந்தது.

மெஹ்ரங்கேஸ் வெறுங்கையோடு வந்திருந்தாள். வருங்கால மாமியார் சனவ்பர் காதருகே சீறினாள்: "அம்பு சாயலன்னா கல்யாணம் கிடையாதுடி." மாப்பிள்ளை கைஹோன் தன் செருப்பையே ஆராய்ந்துகொண்டிருந்தான்.

அம்பு அசையவில்லை.

"கலப்பு ரத்தம்!" என்றார் தொஜிபாய். "நாளைக்கு ஒரு ஆட்டோட வா பொண்ணு, சரி பண்ணிடலாம்."

"ஐயா, இந்த ரொட்டி வேணாம். ஆடு கொண்டுவந்த கறிக்கடைக்காரருக்குக் குடுத்தீங்களே, அதைக் குடுங்க."

"எந்த ரொட்டியா இருந்தா என்ன?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்!"

சட்டென்று மகானின் பக்கத்திலிருந்த அந்தக் கறிக்கடைக்காரர் ரொட்டியைப் பறித்து, பக்கத்தில் கட்டியிருந்த மகானின் கழுதைச் சேணத்தில் வைத்தாள். அம்பு துள்ளித் திரும்பி, கழுதையைப் பணிவோடு வணங்கியது.

"அத்தை, சலாம் சொல்லுங்க! அசல் சுக்த் இவருதான்!"

சந்தை குலுங்கிச் சிரித்தது. அடுத்து, அந்த ஊரில் யாரும் கனவிலும் செய்யாததை அவள் செய்தாள். ரொட்டியைக் குப்புறக் கவிழ்த்தாள். அடியில் கருகருவென்று ஒரு காந்தம் புதைந்திருந்தது.

"ஐயோ, ரொட்டியைக் கவுத்தா பாவம் பிடிக்கும்!" பத்துக் கைகள் பாய்ந்தன. மகானைப் பிடிக்க அல்ல, ரொட்டியை நிமிர்த்த! இந்தப் பயத்தை நம்பித்தான் அவர் பிழைத்தார். இப்போதும் அதே சந்தடியில் நழுவினார். ஆடுகளையும் கழுதையையும் விட்டுவிட்டுத்தான்.

சனவ்பர் குழைந்தாள். "சரி கண்ணு, கல்யாணத்த வெள்ளிக்கிழமையே வச்சுக்கலாம்."

"இருங்க அத்தை. உங்க புள்ளைய அம்பு முன்னாடி நிறுத்துங்க. ரெண்டுல எது தானா அசையுதுன்னு பாப்போம்."

கைஹோன் முதல்முறையாக நிமிர்ந்தான். காது சிவக்கச் சிரித்தபடி, அம்பை நூலோடு அறுத்தெறிந்தான்.

ரொட்டி கவிழ்ந்தால் பதறி நிமிர்த்தும் பஞ்சகெந்துக்காரர்களே, உங்கள் புத்தி குப்புறக் கிடந்து எத்தனை காலம்? அதையும் கொஞ்சம் நிமிர்த்தி வையுங்களேன்!