ஃபேனுக்குக் கீழே ஒரு சேர்

அம்பிகா உட்கார்ந்திருந்தாள். தேவகிக்கு அதுதான் எரிச்சல்.

ஆம்பூர் ஷூ கம்பெனியின் செக்கிங் லைனில் நாற்பது பெண்கள் காலையிலிருந்து சாயந்திரம்வரை நின்றபடி வேலை பார்க்கிறார்கள். அத்தனை பேருக்கும் ஒரே ஒரு சேர்தான், நூல் வெட்டுகிற மேஜையில், ஃபேனுக்கு நேர் கீழே. வேலூர் போய்க் காலுக்கு லேசர் வைத்துக்கொண்டு வந்த அம்பிகாவுக்கு அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டார் சூப்பர்வைசர் நிசார் அஹமது. தேவகியின் இடது காலிலும்தான் நரம்பு சுருண்டு புடைத்துக் கிடக்கிறது. யார் கேட்டார்கள்?

"இன்னாக்கா, காலு ரொம்ப வலிக்குதா?" என்றாள் அம்பிகா.

"உனக்கின்னா மகராசி! உக்காந்துனு கேக்குற."

வயிற்றெரிச்சல் தாங்காமல் சனிக்கிழமை லீவு போட்டு தேவகியும் வேலூருக்குப் போனாள்.

டாக்டர் ஸ்கேன் பார்த்தார். "லேசர் பண்ணலாம், ரேடியோ அலைச் சூடும் வைக்கலாம். ரெண்டுமே கெட்டுப்போன ரத்தக் குழாயை உள்ளயே சுட்டு மூடிடும். ஆனா கால் நெடுக மரத்துப்போற ஊசி போடணும், கொஞ்ச நாள் இறுக்கமான சாக்ஸ் போடணும். பசை வச்சு ஒட்டினா அவ்ளோ ஊசி வேணாம், சாக்ஸும் பெரும்பாலும் வேணாம். சின்னக் குழாய்னா நுரை ஊசியே போதும்."

"பசையா? பன்னெண்டு வருஷமா அந்த நாத்தத்துலதான் நிக்கிறேன். காலுக்குள்ளயுமா?"

"இது வேற பசைம்மா."

"லேசரைவிட ஒசத்தி எது சார்?"

"ஒசத்தின்னு ஒண்ணும் இல்ல. ஷூ சைஸ் மாதிரி, உங்க காலுக்கு எது பொருந்துதோ அது."

"சரி, எதுல ஜாஸ்தி நாள் நொண்டலாம்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எதுலயும் நொண்ட வேணாம். இன்னிக்கே நடந்து வீட்டுக்குப் போலாம்."

அம்பிகாவிடம் இல்லாதது பசைதான். தேவகி அதையே வைத்துக்கொண்டாள். முடிந்த பிறகு பார்த்தால் காலில் ஒரு சின்ன பிளாஸ்திரி. அடக்கடவுளே, இதை எவளிடம் காட்டுவது!

திங்கட்கிழமை முழங்கால்வரை துணிக்கட்டுச் சுற்றி, நொண்டிக்கொண்டே வந்தாள். சேர் காலியாக இருந்தது! அம்பிகா லைனில் நின்றுகொண்டிருந்தாள். தேவகி சேரை நோக்கி விரைந்து நொண்டினாள்.

நிசார் குறுக்கே வந்தார். ஆயுசு முழுக்க ஷூ ஜோடி பார்த்த கண் அவருக்கு.

"கட்டு லெஃப்ட்ல, நொண்டுறது ரைட்லயா? ஜோடி சேரலியேம்மா. டாக்டர் சீட்டைக் குடு."

சீட்டில் எழுதியிருந்தது: 'நாள் முழுக்க நிற்கவோ உட்காரவோ கூடாது. நன்றாக நடக்க வேண்டும்.'

"நடக்கணுமா? சரியாப் போச்சு. லைன்லேர்ந்து பேக்கிங்குக்கு ட்ரே கொண்டுபோ."

மத்தியானத்துக்குள் முப்பது நடை. ஒவ்வொரு நடையிலும் அந்தக் காலி சேரைத் தாண்டித்தான் போக வேண்டும். பொறுக்க முடியவில்லை.

"பாய், யாருக்குத்தான் அந்தச் சேரு? மறுபடி அவளுக்கேவா?"

"அந்தச் சேரா? 'எனக்குச் சரியாய்டுச்சு பாய், தேவகி அக்கா காலுதான் ரொம்ப மோசம், அவங்களுக்குக் குடுங்க'ன்னு அம்பிகா சனிக்கிழமையே எந்திரிச்சுடுச்சும்மா. நீதான் அன்னிக்கு லீவு போட்டுட்டுப் போயி காலைச் சரி பண்ணிக்கிட்டு வந்துட்ட!"