மகாராணி வாயைத் திறக்கிற வரைக்கும்

"மகாராணி வாயைத் திறந்து சாப்பிடற வரைக்கும் ராத்திரியில ஒரு கவளம் தொடமாட்டேன். இது சத்தியம்!" என்று தையல்காரர் முழங்கியபோது அவர் வாயில் பாதி பிஸ்கட் இருந்தது. அதை அவசரமாக விழுங்கிவிட்டு, விரதத்தை ஆரம்பித்தார்.

மகாராணி அவர் வளர்க்கும் டாரன்டுலா. உள்ளங்கை அகலத்துக்கு, உடம்பெல்லாம் ரோமமாக ஒரு சிலந்தி. கண்ணாடிப் பெட்டியில், வாஷிங் மெஷின் மேல் குடித்தனம். அதை ஹாலில் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை. நூலகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவியோ முதல் நாளே சட்டம் போட்டுவிட்டாள். "வர்றவங்க காபி குடிக்கணுமா, காலைத் தூக்கிக்கிட்டு உக்காரணுமா?"

இப்போது மூன்று வாரமாக மகாராணி எதையும் தின்னவில்லை. வெட்டுக்கிளியை உள்ளே விட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தையல்காரர் நிஜமாகவே கலங்கிப் போயிருந்தார். ஆனால் மனுஷர் கலக்கத்திலும் காரியத்தில் கண்ணாக இருப்பவர். வியாழக்கிழமை கொழுத்த வெட்டுக்கிளி வருகிறது, அதை எந்தச் சிலந்தியும் விடாது என்று செல்லப்பிராணிக் கடைக்காரர் அடித்துச் சொல்லியிருந்தார். ஆக, இரண்டே ராத்திரிப் பட்டினி. அதில் மனைவி உருகிவிடுவாள். பெட்டி ஹாலுக்கு வந்துவிடும்.

மனைவி உருகவில்லை. குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தாள்.

"சரிங்க. சொன்னபடி இருந்தீங்கன்னா பெட்டி ஹாலுக்கு வரட்டும்."

"நிஜமாவா?"

"நிஜமா. நடுவுல சாப்பாட்டுல கை வச்சீங்கன்னா பெட்டி என் தம்பி வீட்டுக்குப் போயிடும்."

தையல்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் மச்சான் மீன் தொட்டியில் தண்ணீர் ஊற்றவே மறந்துபோனவன். அவனிடம் போனால் மகாராணி அதோகதிதான்.

"பசிச்சா வெள்ளரிக்காய் சாப்பிடுங்க," என்றாள் மனைவி. "அது சாப்பாட்டுல சேராது."

தையல்காரரின் தொப்பையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். டாக்டர் ஒவ்வொரு தடவையும் குறைக்கச் சொல்வார். இவர் வீட்டுக்கு வந்து பேண்ட்டைப் பிரிப்பார். தன் பேண்ட் எல்லாவற்றிலும் பின் தையலுக்குள் மூன்று விரல் அகலத்துக்குத் துணியை மடித்து விட்டு வைத்திருப்பார். வயிறு வளர வளர அதைப் பிரித்து விட்டுக்கொள்வார். "தைக்கிறவன் எதுக்கு இளைக்கணும்?" என்பது அவர் கட்சி.

வியாழக்கிழமை கொழுத்த வெட்டுக்கிளி வந்தது. மகாராணி ஒரு காலைத் தூக்கி அதை அந்தப் பக்கம் தள்ளிவிட்டது. ஒரு வாரம் போனது. ஒரு மாதம் போனது. வெள்ளரிக்காயைக் கண்டாலே தையல்காரருக்கு அழுகை வந்தது.

"அடியே, ஒரே ஒரு வாய் தின்னுடி. உனக்காக இல்லேன்னாலும் எனக்காக," என்று பெட்டி முன்னால் கெஞ்சுவார். அது அசையாது. என்ன வைராக்கியம்! நாம் ஒரு வேளை விட்டதற்கே ஊரைக் கூட்டுகிறோம், இது முனகக்கூட இல்லையே என்று அதன் மேல் அவருக்கு மரியாதை வந்துவிட்டது. மரியாதை வயிற்றை நிரப்பவில்லை. ஒருநாள் வெட்டுக்கிளியை நைசாக எடுத்து ஜன்னல் வழியே விட்டார்.

"ஏம்மா! மகாராணி சாப்பிட்டுட்டா!"

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "சாப்பிட்டா சக்கையை உருண்டையாத் துப்புமே. எங்க அது?"

"அதையும் சேர்த்து முழுங்கிடுச்சு. பசி பாவம்."

"அப்ப திரைச்சீலையில உக்காந்து உங்களையே பாக்குதே, அது யாரு?"

வெட்டுக்கிளிக்கு வெளியே போகப் பிடிக்கவில்லை போலும். தையல்காரர் வாயை மூடிக்கொண்டார். வெள்ளரிக்காய்க்கு மட்டும் திறந்தார்.

இரண்டு மாதம் தாண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மகாராணி எட்டுக் காலையும் பரப்பி மல்லாந்து கிடந்தது.

"ஐயோ, போயிட்டாளே!" தையல்காரர் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பசி, ஹால் எல்லாம் மறந்துபோன நிஜமான அழுகை.

மனைவி ஓடிவந்தாள். "தொடாதீங்க! செத்தா காலை உள்ள மடக்கிக்கும். இது சட்டை உரிக்குது. அதுக்குத்தான் இத்தனை நாள் சாப்பிடாம இருந்துச்சு." பெட்டிக்குள் விட்டிருந்த வெட்டுக்கிளியை இடுக்கியால் வெளியே எடுத்தாள். "இந்த நேரத்துல இதுவே அதைக் கடிச்சு வச்சிடும்."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மதியம் வரை பார்த்தார்கள். பழைய தோலிலிருந்து ஒவ்வொரு காலாக உருவிக்கொண்டு புத்தம்புதிதாக மகாராணி வெளியே வந்தது. தையல்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறை. "எட்டுக் கால்லயும் ஒரு நூல் கிழியலையே! முப்பது வருஷமா தைக்கிறேன், எனக்கு வராது இது. இப்ப சாப்பிடும்ல?"

"பல்லு இன்னும் மெத்துன்னு இருக்கும். கெட்டியாக இன்னும் பத்து நாள்."

தையல்காரர் மறுபடியும் அழுதார்.

பதினோராம் நாள் சாயங்காலம் மகாராணி பாய்ந்து வெட்டுக்கிளியைப் பிடித்தது. மனைவி சொன்ன சொல் தவறாமல் தன் கையாலேயே பெட்டியை ஹாலில் கொண்டுவந்து வைத்தாள். வெற்றி! தையல்காரர் துள்ளிக் குதித்தார். பேண்ட் இடுப்பில் நிற்காமல் கீழே இறங்கியது.

"இந்தாங்க, இதைப் போட்டுக்கிட்டுச் சாப்பிட வாங்க," என்று ஒரு பொட்டலத்தை நீட்டினாள். அவருடைய நீல பேண்ட்தான், இடுப்பு பிடித்துத் தைத்தது. அச்சாகப் பொருந்தியது. எதிர்க்கடைத் தையல்காரரின் சீட்டு அதில் குத்தியிருந்தது: 'இடுப்பில் நாலு இன்ச் குறைக்கவும்.' தேதி, அவர் சத்தியம் செய்ததற்கு மறுநாள்.

"அப்பவே உனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே அதோட வயிறு கறுத்துப் பளபளன்னு இருந்துச்சே. சட்டை உரிக்க ரெண்டு மூணு மாசம் ஆகலாம்னு புத்தகத்துல போட்டிருக்கு. நீங்க இதை வாங்கறதுக்கு முன்னாடியே படிச்சிட்டேன்."

எப்பேர்ப்பட்ட மூளை! தையல்காரர் ஒரு நிமிஷம் வாயைப் பிளந்து மனைவியைப் பார்த்தார். இவளுக்குத்தான் மகாராணி என்று பேர் வைத்திருக்க வேண்டும் என்று மனசாரத் தோன்றியது. பிறகு தட்டு முன்னால் உட்கார்ந்து, மூன்றாவது தடவையாகக் கரண்டிக்குக் கை நீட்டினார். போனால் போகிறது, பிரித்து விட்டுக்கொள்ளத் துணிதான் உள்ளே இருக்கிறதே.

"பாத்துச் சாப்பிடுங்க," என்றாள் மனைவி. "உள்ள மடிச்சிருந்த துணியை வெட்டிடச் சொல்லிட்டேன். மத்த பேண்ட்டெல்லாம் இன்னைக்குக் காலையிலதான் கொடுத்தேன்."