ஏரிக்கு வைத்தியம் பார்த்த அஜீரணம் சார்

ஒரு ஏரிக்கு அஜீரணம் என்று கண்டுபிடித்து, அதற்கு ஐந்து வருடம் விடாமல் வைத்தியம் பார்த்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். மரக்காணத்தில் என் வீட்டு மாடியில் குடியிருந்த அஜீரணம் சார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி வழி கேட்டால் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

அவர் முனைவர் பட்ட ஆய்வு மாணவர். வயலில் போடும் உரம் மழையில் கரைந்து வாய்க்கால் வழியாக ஏரிக்கு வருகிறது, அதை எப்படிக் குறைப்பது என்பது ஆய்வு. டீக்கடையில் ஒருநாள் ஒரு விவசாயி அவரிடம், "தண்ணியில சத்து ஏறினா நல்லதுதானங்க?" என்று கேட்டுவிட்டார்.

"கல்யாண வூட்ல உங்களுக்கு எலையில போட்டுக்கினே இருந்தா என்னாவும்? ஏரிக்கும் அதே அஜீரணம்தான். பாசி பொங்குது, செத்து அழுகுது, மீனுக்கு மூச்சு முட்டிப் போவுது."

அன்றைக்கு ஒட்டிய பெயர். மறுநாளே இரண்டு பேர் வயிற்று வலிக்கு மருந்து கேட்டு மாடியேறினார்கள். "நான் டாக்டர் இல்லீங்க, இனிமேதான் ஆவணும்" என்று பாவம், ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் சொத்து. அதையும் அவர் பிடுங்கிக்கொண்டார். வாய்க்காலில் இடுப்பளவு சேற்றில் நின்று நான் கயிறு பிடிப்பேன். அவர் பாட்டிலில் தண்ணீர் மொள்வார். அந்தப் பாட்டில்கள் குடியேறிய இடம் என் வீட்டு ஃப்ரிட்ஜ். சாம்பார் வெளியே கெட்டுப்போகும், சாக்கடைத் தண்ணீர் உள்ளே ஜில்லென்று இருக்கும். "எப்ப சார் டாக்டர் ஆயி ஊரைக் காலி பண்ணுவீங்க?" என்று மாதம் தவறாமல் கேட்பேன். கோபமே வராது. "அடுத்த மழை முடியட்டும் சார்" என்பார்.

கடைசியில் அவர் கண்டுபிடித்த மருந்து வெட்டிவேர். மூங்கில் தெப்பம் கட்டி, அதில் வெட்டிவேர் நட்டு, வாய்க்காலில் மிதக்கவிட்டார். வேர் தண்ணீரில் தொங்கி உரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மழைக்காலம் முடிந்ததும் மேலே வளர்ந்த மொத்தப் புல்லையும் அறுத்து எடைபோட்டால் எவ்வளவு உறிஞ்சியது என்று தெரிந்துவிடும். அந்த எடை இல்லாவிட்டால் ஆய்வேடு இல்லை. பல்கலைக்கழகத்தில் கொடுத்திருந்த கடைசி நீட்டிப்பும் அந்த வருடத்தோடு முடிகிறது.

இந்த நிலைமையில் தண்ணீர்ப் பரிசோதனைக்காக அவர் இரண்டு மாதம் பல்கலைக்கழகத்துக்குப் போகவேண்டி வந்தது. தெப்பத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி யாரிடம் ஒப்படைத்தார் என்று நினைக்கிறீர்கள்? என்னிடம்தான்.

நானும் ஞாயிறுதோறும் ஒழுங்காகப் போய்ப் பார்த்தேன். புல் தளதளவென்று வளர்ந்திருந்தது. தனலட்சுமி அக்கா அதை அறுத்துக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்ததையும் ஒழுங்காகப் பார்த்தேன். உப்பளத்தில் உப்புச் சுமக்கிறவர் அவர். மழைக்காலத்தில் அங்கே வேலை இருக்காது. சார்தான் அறுக்க ஆள் வைத்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். காவல் காக்கிற என்னைப் பார்த்து அக்கா சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

சார் திரும்பி வந்தபோது தெப்பம் முக்கால்வாசி மொட்டை. நேரே அக்கா வீட்டுக்குப் போனோம். வாசலில் இரண்டு மாடுகள் நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"அஞ்சு வருஷ ஆராய்ச்சி சார். அதோ மென்னுக்கினு இருக்குது" என்று சொல்லிவிட்டு அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

விஷயம் புரிந்ததும் அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அழவில்லை. "எடைதான சார் வோணும்? வாரம் மூணு கட்டு அறுத்தேன். எட்டு வாரம். எல்லாக் கட்டும் பதினோரு கிலோ" என்றார்.

"எப்பிடிக்கா சொல்றீங்க? எடை போட்டீங்களா?" என்றார் சார்.

"எதுக்குப் போடணும்? இருவது வருஷமா உப்புக் கூடை சொமக்குறேன். தலைக்கு ஏத்தினா தெரியாதா?"

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். மீன்கடையிலிருந்து தராசு வந்தது. மிச்சமிருந்த புல்லில் அக்கா அதே மாதிரி கட்டுகள் கட்டிக் கட்டிக் கொடுத்தார். ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தோம். முள் பதினோரு கிலோவை விட்டு ஒரு பிடிப் புல் அளவுக்கு மேல் நகரவில்லை. சார் அதையெல்லாம் எழுதி, "அறுத்தவரின் கைக்கணக்கு" என்று ஆய்வேட்டில் ஒரு பகுதியே சேர்த்துவிட்டார்.

வாய்மொழித் தேர்வுக்கு எங்கள் இருவரையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் சரியாக அந்தப் பக்கத்தில்தான் விரலை வைத்தார். "ஒரு அம்மா தலையில் தூக்கிப் பார்த்துச் சொன்னதை எடை என்று எப்படி ஏற்றுக்கொள்வது?"

சார் ஆய்வேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். கடைசி வரிசையிலிருந்து அக்கா எழுந்து முன்னால் போனார். பேராசிரியரின் பையைக் காட்டி, "தூக்கிப் பாக்கட்டுங்களா ஐயா?" என்று கேட்டு, தலையில் ஒரு நொடி வைத்து இறக்கினார். "ஆறு கிலோ. கொஞ்சம் மேல இருக்கும்."

பேராசிரியர் பையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "காலையில் விமான நிலையத்தில் ஆறு கிலோ இருநூறு என்று காட்டியது" என்றார். அதற்கு மேல் அந்தப் பக்கத்தில் அவர் கேள்வி கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் சார் டாக்டர் ஆகிவிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா கேட்டார், "டாக்டர் ஆயிட்டீங்க. இனிமே ஊரைவுட்டுப் போய்டுவீங்களா சார்?"

"வேற ஊர்ல வேலை கெடைச்சிருக்குதுக்கா. அங்கயும் ஒரு ஏரி இருக்குது" என்றார் அவர்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பேராசிரியர் இன்னும் இரண்டு கேள்வி கடினமாகக் கேட்டு, இன்னொரு மழைக்காலம் ஆய்வு செய்து வா என்று திருப்பி அனுப்பியிருக்கலாம்.