ஒன்பதாம் அறை உளவாளி

மூன்றாவது கடிதமும் கதவுக்கு அடியில் வந்து கிடந்தது. ‘அறை எண் ஏழில் வசிப்பவருக்கு’ என்று மேலே போட்டு, அடியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி: லைசென்ஸ் இல்லாமல் நேரலையில் டிவி பார்த்தால் ஆயிரம் பவுண்டு வரை அபராதம்.

எம்ரிஸ் அதைக் குனிந்து எடுக்கவே பயந்தான். அந்த நாட்டில் வருஷக் கட்டணம் கட்டி லைசென்ஸ் எடுத்தால்தான் நேரலையில் டிவி பார்க்கலாம்; அது அவன் பைக்கு எட்டாத காசு. வேல்ஸிலிருந்து இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்குப் படிக்க வந்து ஆறு மாதமாகிறது. இதுவரை ஒரு நூலகப் புத்தகத்தைக்கூடத் தாமதமாகத் திருப்பிக் கொடுக்காத பிள்ளை. அப்படிப்பட்டவனுக்கு வருகிற சனிக்கிழமை நேரலையில் ஒரு ஆட்டம் பார்த்தே ஆக வேண்டியிருந்தது. அவன் அக்கா கேட்ரின் முதல் தடவையாக வேல்ஸ் பெண்கள் ரக்பி அணிக்குத் தேர்வாகியிருந்தாள். மாற்று ஆட்டக்காரிதான். எப்போது உள்ளே இறக்குவார்கள் என்று கடவுளுக்கும் பயிற்சியாளருக்கும் மட்டுமே தெரியும்.

“உள்ள இறங்கும்போது ரெண்டு தடவை காதைத் தொடுவேன். அது உனக்காக. நீ நேரலையிலயே பார்க்கணும், அப்புறம் யாரோ சொல்லிக் கேட்டேன்னு வந்து நிக்கக் கூடாது,” என்று சொல்லியிருந்தாள். பள்ளிக்கூட மேடையில் அவன் உளறியபோதெல்லாம் கூட்டத்தின் நடுவிலிருந்து அவள் காதைத் தொட்டுக் காட்டுவாள். அதைப் பார்த்தால்தான் அவனுக்கு அடுத்த வரி ஞாபகம் வரும்.

விடுதியின் பொது அறையில் ஒரு டிவி உண்டு. அதன்மேல் ‘பழுது’ என்று ஒட்டிய காகிதமே பழுப்பேறிவிட்டது. பப்களில் அன்றைக்கு எல்லாத் திரையிலும் உள்ளூர்க் கால்பந்து. அவனுடைய போனோ, பாஸ்தா வேகிற பானையில் விழுந்து எழுந்து, ஈரம் உலர ஒரு அரிசிப் பைக்குள் படுத்திருந்தது.

எட்டாம் அறை டாபித்தாவிடம் யோசனை கேட்டான். அவள் சட்டம் படிக்கிறாள், முதல் வருஷம்தான். ஆனால் கெட்டில் கொதிக்கத் தாமதமானால் அதையும் குறுக்கு விசாரணை செய்கிற ரகம்.

“இங்க ஒவ்வொரு அறையும் தனி வீடு மாதிரிடா. அவங்கவங்க அறைக்கு அவங்கவங்கதான் லைசென்ஸ் எடுக்கணும். ஆனா சட்டத்துல ஒரு சந்து இருக்கு. உங்கம்மா வீட்டுல லைசென்ஸ் இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப அந்த லைசென்ஸே போதும், லேப்டாப்ல பாரு. பேட்டரியில மட்டும் ஓடணும். சுவத்துல சொருகிட்டியோ, அந்த நிமிஷமே குற்றவாளி.”

“உன் லேப்டாப்பையும் தர்றியா? என்னோடது பேட்டரி நிக்காது.”

“எங்க வீட்டுல லைசென்ஸே கிடையாது. எங்கப்பா கோழியை மட்டும்தான் பார்ப்பார். என்னை ஜெயிலுக்கு அனுப்பாத.”

சோதித்துப் பார்த்ததில் பேட்டரி இருபத்தாறு நிமிஷம் நின்றது. ஆட்டம் எண்பது நிமிஷம். கணக்கு உதைத்தாலும், கடைசி இருபத்தாறு நிமிஷம் பார்த்தால் போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். மாற்று ஆட்டக்காரிகளைக் கடைசியில்தானே இறக்குவார்கள்?

இந்த நேரத்தில்தான் ஒன்பதாம் அறை நார்மன் குறுக்கே வந்தார்.

நார்மனுக்கு ஐம்பத்தெட்டு வயசு. பத்தொன்பது வயசுப் பிள்ளைகள் நடுவே வரலாறு படிக்க வந்திருக்கிறாராம். மனுஷர் சட்டையைக் கால்சட்டைக்குள் சொருகியிருப்பார், சட்டைப்பையில் எப்போதும் ஒரு குறிப்பேடு. லைசென்ஸ் ஆபீஸ் அனுப்பிய உளவாளி என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

சமையலறையில் எம்ரிஸ் ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தபோது அவர் தொண்டையைச் செருமினார்.

“எம்ரிஸ், நீங்க... டிவி ஏதும் பார்க்கிற பழக்கம் உண்டா?”

எம்ரிஸின் ரொட்டி கருகியது. “டிவியா? சேச்சே. எனக்கு அதுல ஈடுபாடே இல்ல.”

“ஓ. சனிக்கிழமை மத்தியானம் அறையிலதான் இருப்பீங்களோ?”

“படிச்சுக்கிட்டு இருப்பேன்.”

“உங்கக்கா ஏதோ விளையாட்டு வீராங்கனைன்னு ஐரீன் சொன்னாங்க.” ஐரீன் அந்த மாடியைத் துப்புரவு செய்கிற அம்மாள்.

“செஸ்,” என்றான் எம்ரிஸ். “ரக்பின்னா எனக்குச் சுத்தமாப் பிடிக்காது.”

ரக்பி என்று அவர் வாயே திறக்கவில்லை. நார்மனின் முகம் தொங்கிப்போனது. பிறகு, “டீயில பால் எவ்வளவு ஊத்துவீங்க?” என்று கேட்டார்.

“ஒரு துளி.”

நார்மன் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

“பால் கேட்டாரா?” டாபித்தா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். “என்கிட்டயும் கேட்டார்டா. முதல்ல பால் சர்க்கரைன்னு ஆரம்பிச்சுப் பேச்சுக் கொடுப்பாங்க. அப்புறம் மெதுவா உள்ள இறங்குவாங்க. நீ எதுக்குடா கேட்காம ரக்பியை இழுத்த?”

“பயத்துல வந்துடுச்சு.”

“இப்ப அவருக்கு உறுதியாயிருக்கும்.”

அன்றிரவே எம்ரிஸ் சுவரிலிருந்த அக்காவின் படத்தைக் கழற்றினான். ஜெர்சியைத் தலையணை உறைக்குள் திணித்தான். மறுநாள் வாசலில் சந்தித்த நார்மனிடம் செஸ் பற்றி அவனாகவே பேசப் போய், குதிரை எப்படி நகரும் என்பதில் மாட்டிக்கொண்டு முழித்தான்.

வியாழக்கிழமை ஒன்பதாம் அறைக்கு ஒரு பெட்டி வந்தது. தட்டையாக, அகலமாக, ஆளுயரத்துக்குப் பாதி. அதை உள்ளே கொண்டுபோகும் முன்பு நார்மன் அளவு நாடாவால் கதவை அளந்தார். இவர்கள் இரண்டு பேரும் சாவித் துவாரத்தில் மாறி மாறிக் கண் வைத்துப் பார்த்தார்கள்.

“திருட்டுத்தனமா டிவி பார்க்கிறவங்களைக் கண்டுபிடிக்கிற கருவி,” என்று டாபித்தா கிசுகிசுத்தாள். “எங்க தாத்தா காலத்துல அதுக்குன்னு வண்டியே வருமாம். கூரையில ஏரியல் சுத்திக்கிட்டே இருக்குமாம். இப்ப பெட்டியிலயே வந்துடுச்சு பாரு.”

“நான் பேட்டரியிலதானே பார்க்கப் போறேன்? அது தப்பில்லையே?”

“தப்பில்லன்னு நிரூபிக்கிற வரைக்கும் தப்புதான்.” எந்தச் சட்டப் புத்தகத்தில் இதைப் படித்தாளோ.

சனிக்கிழமை வந்தது. சத்தம் வெளியே போகக் கூடாது என்று எம்ரிஸ் அலமாரிக்குள் உட்கார்ந்தான். வெளிச்சமும் போகக் கூடாது என்று டாபித்தா அவன் தலையோடு சேர்த்து லேப்டாப்பையும் கம்பளியால் மூடினாள். சார்ஜரை அவளே பிடுங்கி, சாட்சிக்காக மேஜை நடுவில் வைத்தாள். ஐம்பத்து நாலாவது நிமிஷத்தில் ஆட்டத்தைப் போட்டான்.

கம்பளிக்குள் லேப்டாப் அடுப்பாகக் கொதித்தது. உள்ளே விசிறி அலறிக்கொண்டு சுற்றியது. விசிறி சுற்றச் சுற்ற பேட்டரி கரைந்தது. கம்பளியை எடுத்தால் விசிறிச் சத்தம் தாழ்வாரம் வரை கேட்டது. அதை அமுக்க டாபித்தா பாட்டுப் போட்டாள். பாட்டில் வர்ணனை கேட்கவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு மறுபடி கம்பளியைப் போட்டாள். இப்படியே பதினேழு நிமிஷம் ஓடியது.

எழுபத்தோராவது நிமிஷம். எல்லைக் கோட்டருகே கேட்ரின் மேலங்கியைக் கழற்றினாள்.

“வர்றா, டாபி, எங்கக்கா வர்றா.”

திரை கறுத்தது.

எம்ரிஸ் கம்பளியை உதறிக்கொண்டு மேஜைக்குப் பாய்ந்தான். “ஜெயிலுக்குப் போனாலும் போறேன், அந்தச் சார்ஜரைக் குடு.” அழுகிற நிலைமையில் இருந்தான். பிளக் சுவரைத் தொடப் போகிற நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

டாபித்தா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எம்ரிஸ்?” நார்மனின் குரல் மூச்சு வாங்கியது. “தொந்தரவுக்கு மன்னிக்கணும். டீ போட்டிருக்கேன். பால் ஒரு துளிதான். நீங்க இப்ப வந்தீங்கன்னா... இப்பவேன்னா நல்லாயிருக்கும்.”

“பொறி,” என்று வாயசைத்தாள் டாபித்தா.

“நான் படிக்கிறேன், நார்மன்.”

“ஆமாம். சொன்னீங்க, மறந்துட்டேன். கொஞ்ச நேரம்தான் இருக்கு, அதான்... சரி. பரவாயில்ல.”

காலடிச் சத்தம் விரைந்து போனது. கொஞ்ச நேரத்தில் ஒன்பதாம் அறையிலிருந்து ஒரு பெருங்கூட்டம் ஆர்ப்பரிக்கிற சத்தம் வந்தது. கூடவே ஒரே ஒரு ஆள் கைதட்டுகிற சத்தம்.

எம்ரிஸ் கதவை நோக்கி ஓடினான். டாபித்தா முதுகைக் கதவில் சாய்த்து மறித்தாள்.

“போகாதடா. பதிவு பண்ணி வெச்சதைப் போட்டுத் தூண்டில் போடறார். நீ போய் எட்டிப் பார்த்தா, பிடிக்காதுன்னு சொன்ன ரக்பிக்கு ஏன்டா வந்தேன்னு கேட்பார். அதோட முடிஞ்சது.”

சாயங்காலம் டாபித்தாவின் போனில் கேட்ரின் அழைத்தாள். பின்னால் ஒரே கூச்சல்.

“பார்த்தியாடா?”

“பார்த்தேன்க்கா,” என்றான். அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. அவள் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துத் தானும் அழுதாள். அவனுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை காலை ஐரீன் ஒன்பதாம் அறையிலிருந்து மடக்கு நாற்காலிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துக்கொண்டிருந்தாள். மொத்தம் மூன்று. எம்ரிஸ் கதவிடுக்கில் நின்று எண்ணினான்.

“சாட்சிங்களையே வரவழைச்சிருக்கார்,” என்றாள் பின்னாலிருந்து டாபித்தா.

எம்ரிஸுக்குப் பொறுக்கவில்லை. “ஐரீன், நார்மன் அறைக்கு யாரெல்லாம் வந்தாங்க?”

“யாரும் வரலை கண்ணு, அதுதான் எனக்கே கஷ்டமாயிருக்கு,” என்று ஐரீன் நாற்காலியைச் சுவரில் சாய்த்தாள். “இந்த மாடியிலேயே லைசென்ஸ் எடுத்த ஆளு அவர் ஒருத்தர்தான். புது டிவி வாங்கி, உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து நாற்காலி வாங்கிப் போட்டு, ‘அந்தப் பையனோட அக்கா ஆடற ஆட்டத்துக்குக் கூப்பிட்டா தப்பா நினைச்சுக்குவானோ’ன்னு மூணு வாரமா என் உயிரை எடுத்தார். நீ என்னடான்னா ரக்பியே பிடிக்காதுன்னுட்டியாம், மனுஷர் அதுக்கு மேல வாயைத் திறப்பாரா? அது கிடக்கட்டும், உள்ள இறங்கும்போது அந்தப் பொண்ணு எதுக்கு ரெண்டு தடவை காதைத் தொட்டுச்சுன்னு சனிக்கிழமையிலேர்ந்து அவர் மண்டையைக் குடைஞ்சுக்கிட்டு இருக்கார், உனக்குத் தெரியுமா?”