சுருதி வினோதனுடையது

வருகிற ஞாயிற்றுக்கிழமை சபையின் தகரக் கூரை அதிரவேண்டும் என்று வினோதன் தீர்மானித்தான். அதிராவிட்டால் இனி மைக்கைத் தொடுவதில்லை என்றும் தீர்மானிக்கப் போனான். பிறகு யோசித்து, அந்த இரண்டாவது தீர்மானத்தைக் கைவிட்டான். மைக் இல்லாத ஞாயிற்றுக்கிழமை அவனுக்குத் திங்கட்கிழமை மாதிரி.

மாங்குளத்தில் கண்டி வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையில் இருப்பது அந்தச் சின்ன பப்டிஸ்ட் சபை. அங்கே பாட்டு நடத்துவது வினோதன். கீபோர்ட் வாசிப்பது அவன் மனைவி பிரேமிளா. வந்திருந்து பாடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். சுருதி மட்டும் வினோதனின் தொண்டைக்கு அளவெடுத்தது. இது என்ன நியாயம் என்று கேட்டால், நடத்துகிறவருக்கு ஏற்றதுதானே சுருதி என்பார்கள். ஒரு தொண்டை சுகமாக இருக்க மற்ற எல்லாத் தொண்டையும் மூடியிருக்கவேண்டுமா என்று திருப்பிக் கேட்டால், எல்லாத்துக்கும் ஒரு கதை வைத்திருக்கிறாய் என்பார்கள். விடை மட்டும் சொல்லமாட்டார்கள்.

அவனுடைய சுருதி பெண்களுக்கு ஒன்றில் கிணற்றின் அடி, இல்லாவிட்டால் தென்னை வட்டு. கீழே போனால் முணுமுணுப்பு, மேலே போனால் கீச்சுக் குரல். நடுவில் நிற்க இடமில்லை. ஆகவே வாயை மட்டும் அசைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். விமலேஸ்வரி அக்காவையே பாருங்கள். சந்தியில் மரக்கறி விற்கிறவ. அவ 'கத்தரிக்காய்' என்று ஒருக்கால் கூப்பிட்டால் வவுனியா பஸ் பிரேக் போடும். அப்பேர்ப்பட்ட அக்கா சபைக்குள் வந்தால், வாய்க்குள் வெற்றிலை இருக்கிறவ மாதிரி அடக்கமாக நின்றா.

போன கிழமை பாட்டைவிட மின்விசிறியின் சத்தம் கூடக் கேட்டது. இந்தக் கிழமை வவுனியா சபையிலிருந்து விருந்தினர் வருகிறார்கள். வினோதனுக்கு நித்திரை போய்விட்டது. சனிக்கிழமை பின்னேரம் குசினி வாசலில் வந்து நின்றான்.

"எங்கட பொம்பிளையளுக்கு பக்தி குறைஞ்சு போச்சு."

"பக்தி குறையேல்ல. சுருதிதான் குறைவு," என்றாள் பிரேமிளா, வெங்காயத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"என்ர சுருதிக்கு என்ன குறை?"

"ஒரு குறையுமில்லை. அது உங்களுக்கு அளவாத் தைச்ச சேட்டு. அதை முழுச் சபைக்கும் போட்டுவிடுறியள். ரெண்டு கட்டை ஏத்தினால் காணும்."

"ஏத்தினால் நான் எப்பிடிப் பாடுறது?"

"இப்ப நாங்கள் எப்பிடிப் பாடுறம்?"

"நீங்கள் எங்க பாடுறியள்?"

"அதைத்தானே சொல்லுறன்."

வாதம் எங்கேயோ வழுக்குவது வினோதனுக்குத் தெரிந்தது. வாதம் வழுக்கும்போது அவன் குரலைக் கூட்டுவது வழக்கம்.

"இஞ்ச பாரும். நான் எடுக்கிற சுருதியில நீர் தொடங்கும். சபை வாய் திறக்குமட்டும் பல்லவியைத் திருப்பித் திருப்பிப் பாடுவன்."

"வாய் திறந்தால்?"

"திறந்தால் இன்னும் பாடுவன்."

"அப்ப எப்ப நிப்பாட்டுவியள்?"

"அதை நான் யோசிக்கேல்ல."

"சரி," என்றாள் பிரேமிளா. "நீங்கள் எடுக்கிற சுருதியிலயே தொடங்குவன்."

மனைவி இவ்வளவு சுருக்கமாகச் சரி என்று சொன்னால் கணவன்மார் அதற்கு மேல் விசாரிப்பதில்லை. விசாரிக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விருந்தினர் முன்கதிரைகளில் இருந்தார்கள். யோகலிங்கம் பாஸ்ரர் கண்ணைக் காட்ட, வினோதன் பல்லவியை எடுத்தான். முதல்தரம் மின்விசிறி வென்றது. அவன் கண்ணை மூடி, கையை உயர்த்தி, "இன்னுமொருக்கா" என்றான்.

பிரேமிளாவின் கீபோர்ட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. ஒருக்கால் அமத்தினால் சுருதி அரைக் கட்டை ஏறும். வாசிக்கிற விரல் பழைய இடங்களிலேயே ஓடும். பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறவனுக்குச் சொல்லவே வேண்டாம்.

அவள் ஒருக்கால் அமத்தினாள்.

"இன்னுமொருக்கா," என்றான். அமத்தினாள். பின்வரிசையில் ஒரு சலசலப்பு. "இன்னுமொருக்கா." அமத்தினாள். விமலேஸ்வரி அக்காவின் வாய் திறந்தது. திறந்த வாயிலிருந்து சந்திக் குரல் வந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் அவவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தாங்களும் திறந்தார்கள்.

ஆவியின் அபிஷேகம் இறங்குகிறது என்று வினோதன் நினைத்தான். சுருதி ஏறிக்கொண்டிருந்தது.

இப்போது அவனுடைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். சபை பாடப் பாட அவன் பல்லவியைத் திருப்பினான். திருப்பத் திருப்பச் சுருதி ஏறியது. ஏற ஏறச் சபை இன்னும் பாடியது. குதிக்கால் நிலத்தை விட்டது. கழுத்து நரம்பு காற்றடித்த சைக்கிள் ரியூப் மாதிரிப் புடைத்தது. நெற்றி வியர்வை மைக்கில் சொட்டியது. நிற்பாட்டலாமா? வவுனியாக்காரர் எழும்பிநின்று கைதட்டுகிறார்கள். கனவு கண்ட நாளில் எவன் நிற்பாட்டுவான்? கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தில் அப்படியொரு சாந்தம்.

அடுத்ததரம் அவன் குரல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி மேலே போய்க் காணாமல் போனது. மற்றப் பாதி இருமலாக வந்தது. மானம் காக்க, பாட்டு நடத்துகிறவர்கள் எல்லோரும் ஆபத்தில் பிடிக்கும் கயிற்றை அவனும் பிடித்தான்.

"இப்ப... சகோதரிகள் மட்டும்."

சகோதரிகள் பாடினார்கள். தகரம் அதிர்ந்தது. யன்னல் கம்பியில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது. பிரேமிளா வாசித்தபடியே முன்னுக்குப் பாடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பின்னால் போனார்கள். பொய் சொல்லக்கூடாது, வினோதனுக்கும் உடம்பு புல்லரித்தது. பக்கத்தில் படுத்து எழும்புகிற மனுசிக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்ரர் விருந்தினரோடு வந்தார்.

"தம்பி, சகோதரிகளை விட்டுப் பாடுவிச்சது ஆற்ற யோசனை?"

உண்மை சொல்ல ஒரு நல்ல சந்தர்ப்பம். வினோதன் அதைத் தவறவிட்டான்.

"என்ரதான் பாஸ்ரர்," என்றான் கரகரத்த குரலில். "அவையளுக்கு இடம் குடுக்கவேணுமெண்டு கன நாளா எனக்கு மனசில ஒரு பாரம்."

"அப்ப ஏன் ஒரு பாட்டோட விடவேணும்? இனி ஞாயிறு ஆராதனையைப் பிரேமிளாவே நடத்தட்டும். உம்மட பாரத்துக்கு நாங்கள் தடையா நிக்கக்கூடாது."

வினோதன் மனைவியைப் பார்த்தான். கூச்சப்படுவாள், தனக்கு ஏலாது என்பாள் என்று ஒரு நம்பிக்கை.

பிரேமிளா தலையைக் குனிந்தாள். "இவர் இவ்வளவு விருப்பப்படேக்க நான் மறுத்துக் கதைக்கிறது அழகில்லை, பாஸ்ரர்."

தான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல வினோதன் வாயைத் திறந்தான். காற்றுத்தான் வந்தது. பாஸ்ரர் அவன் தோளைத் தட்டி, "அழுகை வருகுது பாவம்," என்று விருந்தினருக்கு விளங்கப்படுத்திக்கொண்டு போனார்.

பிரேமிளா அவனைக் கதிரையில் இருத்தினாள். கைப்பையிலிருந்து சுடுதண்ணிப் போத்தலை எடுத்து மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். வேர்க்கொம்புச் சுக்குத் தட்டிப்போட்ட கொத்தமல்லித் தண்ணி. தொண்டைக்கு இதமாக இறங்கியது. இரண்டாவது மிடறில் அவனுக்கு எங்கேயோ இடித்தது.

"இதை எப்ப அவிச்சனீர்?" என்று கிசுகிசுத்தான்.

"விடிய, நீங்கள் குளிச்சுக்கொண்டு நிக்கேக்க," என்றாள். "ஆற முதல் குடியுங்கோ."