கொரியாவை எப்படி நடத்த வேணும்?

“கொரியாவை எப்படி நடத்த வேணுமெண்டு என்னட்டை ஏன் அண்ணை கேக்கினம்?”

அந்தோனிதாசன் இதை மூன்றாவது தடவையாகக் கேட்டான். அறைத்தோழர் நிக்கலஸ் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்து, நிதானமாகத் தின்று முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

“ஃபாதர் என்ன சொன்னவர்? சொன்ன மாதிரியே சொல்லு.”

“பூசை முடிஞ்சு கோப்பி குடிக்கேக்கை வந்தவர். தோளிலை கை போட்டவர். அடுத்த ஞாயிறு பங்குச் சபைக்கு முன்னாலை வந்து, ‘கோரெ’யை எப்படி நடத்த வேணுமெண்டு சொல்லட்டாம்.”

“கோரெ எண்டால் கொரியாதான். டேனிஷ்காரர் சொல்லின்ரை வாலை விழுங்கிப்போடுவினம், தெரியாதே உனக்கு? ஃபாதர் போலந்துக்காரர். அவர் இன்னும் கொஞ்சம் கூட விழுங்குவார்.”

நிக்கலஸ் டென்மார்க்கின் எஸ்பியர்க் நகருக்கு அவனைவிட ஒரு வருடம் முந்தி வந்தவர். அந்த ஒரு வருடத்தின் பலத்தில், துறைமுகப் பக்கம் இருந்த தமிழருக்கெல்லாம் டேனிஷ் விளக்கம் அவர்தான்.

“அது சரி அண்ணை, அதை ஏன் என்னட்டை?”

நிக்கலஸ் தொலைக்காட்சியைக் காட்டினார். கொரியாவின் சியோல் நகரத்தில் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் ஈட்டி எறிந்தாள்.

“உலகம் முழுக்க உதைத்தான் கதைக்குது. உனக்கு உலக நடப்பு விளங்குதோ, ஜனநாயகம் விளங்குதோ எண்டு பாக்கினம். பங்குச் சபைத் தலைவி போடில் அம்மாவுக்குக் கொப்பன்ஹேகனிலை ஆக்களைத் தெரியும். அவ ஒரு வார்த்தை சொன்னால் றெஜினாவின்ரை அலுவல் அசையும். விளங்குதே?”

அந்தோனிதாசனுக்கு அந்தக் கடைசி வசனம் மட்டும் நன்றாக விளங்கியது.

மனைவி றெஜினாவும் மகளும் மன்னாரில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட விண்ணப்பித்து ஒரு வருடம் கடந்துவிட்டது. கொப்பன்ஹேகன் வாயைத் திறக்கவில்லை. ஹொல்ஸ்டெப்ரோவிலும் ஒடென்சேயிலும் இருந்த தமிழ் ஆண்களுக்கும் அதே கதைதான். சட்டப்படி வரலாம் என்றார்கள். ஆனால் ஒருவரும் வரவில்லை. றெஜினாவின் கடைசித் தொலைபேசி அழைப்பில் பின்னால் ஷெல் விழுகிற சத்தம் கேட்டது. “அது இடி” என்றாள் அவள்.

அவன் எழுந்து நின்றான்.

“றெஜினா வாறதுக்கு நான் கொரியாவை நடத்த வேணுமெண்டால், நடத்திறன் அண்ணை.”

அடுத்த நாளே ஒரு சந்தேகம் வந்தது. கொரியா இரண்டு. எந்தக் கொரியா?

வேலை முடிந்த கையோடு கோயிலுக்கு ஓடினான். ஃபாதர் யானுஷ் வாசலில் உதிர்ந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். தெரிந்த டேனிஷில் சுருக்கமாகக் கேட்டான்.

“ஃபாதர், கோரெ... வடக்கா, தெற்கா?”

ஃபாதர் விளக்குமாற்றை நிறுத்தி யோசித்தார். கேள்வி அவருக்குப் பிடித்துப்போனது முகத்தில் தெரிந்தது.

“தெற்குத்தான். வடக்குப் பக்கத்தில் சரியான குளிர். அங்கே நின்றவர்கள் எல்லோரும் ஓடிவிட்டார்கள்.”

அந்தோனிதாசன் அசந்துபோனான். ஒரு நாட்டின் அரசியலை இப்படி இரண்டே வசனத்தில் சொல்ல ஃபாதரால்தான் முடியும்.

நூலகத்தில் ஒலிம்பிக் சுவரொட்டியைக் கைகாட்டி, “இந்த நாட்டு அரசாங்கம்” என்றான். நூலகப் பெண்மணி ஒரு தடித்த புத்தகத்தைத் தேடித் தந்தாள். அதை அறைக்குக் கொண்டுவந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக உடைத்தான். ஜனாதிபதி எவ்வளவு காலமும் இருக்கலாம். பாராளுமன்றத்தில் மூன்றில் ஒரு பங்கை அவரே தெரிவு செய்யலாம். எதிர்த்துப் பேசினால் உள்ளே போடலாம்.

“உது எங்கடை நாட்டைவிட மோசமாயெல்லே கிடக்கு?” என்றான்.

“நீ பாடமாக்கு. நல்லது கெட்டது பாக்கிறது சபையின்ரை வேலை” என்றார் நிக்கலஸ்.

பாடமாக்கினான். மீன் தொழிற்சாலையில் ஹெரிங் மீன் பெட்டிகள் வார்ப்பட்டியில் வரிசையாக வர, அவன் வாய்க்குள் மந்திரிசபை ஓடிக்கொண்டிருந்தது. நிதி அமைச்சர், பாதுகாப்பு அமைச்சர், வெளிநாட்டு அமைச்சர். ஜெர்மனிக்குப் போகவேண்டிய பெட்டிகளில் சுவீடன் ஒட்டுத்தாள் ஏறியது. சுவீடனுக்குப் போகவேண்டியவை ஒன்றுமே ஒட்டப்படாமல் போயின. மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். அன்று பின்னேரமே அவனைக் குளிர் அறைக்கு மாற்றிவிட்டார்.

குளிர் அறையில் பேச ஆள் இல்லை. அது வசதியாகப் போயிற்று. அந்தோனிதாசனுக்குப் பெரிய குரல். இரும்புக் கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கு உள்ளே யாரோ அரசாங்கம் நடத்துவது கேட்டது.

வெள்ளிக்கிழமை நிக்கலஸுக்கு இன்னொரு யோசனை வந்தது.

“தண்டவாளத்துக்கு அங்காலை பேக்கரியிலை ஒரு கொரியன் பெட்டை நிக்கிது. அதிட்டைப் போய் ஒருக்கால் சரி பார். சொந்த நாட்டு ஆளிட்டைக் கேட்டால் பிழையே வராது.”

பேக்கரிப் பெண் உண்மையிலேயே கொரிய முகம்தான். பெயர் லோனெ என்று சட்டையில் குத்தியிருந்தது. அந்தோனிதாசன் மரியாதையாகத் தலை குனிந்தான்.

“உங்கள் நாட்டு ஜனாதிபதியைப் பற்றிக் கொஞ்சம் கேட்கவேண்டும்.”

“எங்கள் நாட்டில் ராணிதானே?” என்றாள் லோனெ.

“இல்லை, உங்கள்... சொந்த நாடு.”

“நான் வார்டெ. பேருந்தில் கொஞ்சத் தூரம்தான்.”

“அதற்கு முந்தி?”

“அதற்கு முந்தி நான் கைக்குழந்தை!” என்று கத்தினாள் லோனெ. “இந்தக் கிழமை ஒலிம்பிக் பற்றி என்னிடம் கேட்கிற எத்தனையாவது ஆள் நீங்கள், தெரியுமா? எனக்குக் கொரியாவில் ஒருவரையும் தெரியாது. ஒரு சொல்கூடத் தெரியாது. என்ன பாண் வேண்டும்?”

வரிசையில் நின்ற எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அந்தோனிதாசனுக்குக் காது சுட்டது. இருந்தாலும் நகரவில்லை.

“மன்னிக்கவேண்டும். எனக்கும் ஒருவரையும் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லியே ஆகவேண்டும். சொன்னால்தான் மனைவி வருவாள்.”

இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பு லோனெக்கு விளங்கவில்லை. ஆனாலும் அவளுடைய கோபம் இறங்கியது. பாணைச் சுற்றியபடியே மெல்லச் சொன்னாள்.

“என்னைத் தத்தெடுத்து வளர்த்த அப்பா பள்ளிக்கூடத்தில் சமூகக்கல்வி படிப்பித்தவர். நான் கேளாவிட்டாலும் கொரியாவைப் பற்றி வந்த எல்லாவற்றையும் எனக்காக வாசித்து வைத்திருக்கிறார். நாளைக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள்.”

சனிக்கிழமை வார்டெயில் லோனெயின் அப்பா அவனுடைய பாடத்தைப் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் அந்த அரசியலமைப்பு இப்போது இல்லை. அதற்குப் பிறகு வந்ததையும் போன வருடம் சனங்கள் தெருவில் இறங்கி மாற்றிவிட்டார்கள்.”

அந்தோனிதாசன் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“முழுக்கவா?”

“ஏறக்குறைய முழுக்க.”

“அப்படியென்றால் புதியதைச் சொல்லுங்கள். நாளைக்குக் காலமைக்குள் நான் படிக்கிறேன்.”

லோனெயின் அப்பா ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. இரண்டு தரம் கோப்பி வந்தது. மூன்றாம் தரம் லோனெயே கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் கதவு நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “பிறகு அந்தப் பிரதமருக்கு என்ன நடக்கும்?” என்று அவள் கேட்டபோது அவளுடைய அப்பா அவளுக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஞாயிறு பூசை முடிந்தது. கோயில் மண்டபத்தில் நீள மேசை. நடுவில் தலைவி போடில் அம்மா. ஒரு பக்கம் ஃபாதர் யானுஷ். மறுபக்கம் ஊர்காவற்படைச் சீருடையோடு ஹோல்ம் என்கிற பெரிய மனிதர். அன்று அவருக்குப் பயிற்சி நாள். மூலையில் ஆர்கன் வாசிக்கும் வயதான இங்கெர் அம்மா. நிக்கலஸ் வாசலோரம் நின்று, பயப்படாதே என்று சைகை காட்டினார்.

அந்தோனிதாசன் எழுந்தான். கழுத்துப்பட்டி இறுக்கியது.

“கோரெயை எப்படி நடத்த வேண்டும் என்று கேட்டீர்கள். முதலில் ஒன்று. கடைசி முடிவு ஒருவருடையதாக இருக்கவேண்டும். அவர்தான் ஜனாதிபதி.”

“அப்பாடா!” என்றார் போடில் அம்மா. “இங்கே எல்லோருமே ஜனாதிபதிகள்.”

தொடக்கத்திலேயே இவ்வளவு ஆதரவை அவன் எதிர்பார்க்கவில்லை. குரல் தானாக உயர்ந்தது.

“ஆனால் அவர் தனியாக ஆடமுடியாது. எல்லா அமைச்சரும் ஒரே மேசையில் இருப்பார்கள். பெரிய விஷயம் எல்லாவற்றையும் அங்கே பேசியாகவேண்டும். அவர்கள் சொன்னதை ஜனாதிபதி கேட்கவேண்டும் என்றில்லை. ஆனால் பேசாமல் விடமுடியாது. அவர் ஒரு கட்டளை போட்டால் பிரதமரும் அந்தத் துறை அமைச்சரும் சேர்ந்து கையெழுத்து வைக்கவேண்டும்.”

“பிரதமருக்கு வேறு என்ன வேலை?” என்று ஃபாதர் ஆவலோடு கேட்டார்.

“ஏதாவது பிழைத்துப்போனால் அவர் விலகுவார். ஜனாதிபதி இருப்பார்.”

ஃபாதர் அதைச் சிலுவைப் பாடு கேட்பதுபோல் தலைகுனிந்து கேட்டார்.

“அமைச்சர்களை ஜனாதிபதி எந்த நேரமும் மாற்றலாம். சீருடை போட்டவர் அமைச்சராக முடியாது. அதைக் கழற்றி வைத்த பிறகுதான் வரலாம்.”

ஹோல்ம் சிவந்துபோனார்.

“இது என்னைத்தானே சொல்கிறீர்கள்? வருடத்தில் சில ஞாயிறுதான் இதைப் போடுகிறேன்!”

அந்தோனிதாசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. டேனிஷ்காரர் கொரியா விஷயத்தில் இவ்வளவு உணர்ச்சிவசப்படுவார்கள் என்று நிக்கலஸ் சொல்லவே இல்லை. ஆனால் பின்வாங்குகிற நேரமில்லை. மன்னாரில் கேட்ட அந்த ‘இடி’ அவனுக்கு இன்னும் காதில் இருந்தது.

“சட்டம் அப்படித்தான் சொல்கிறது” என்றான் உறுதியாக.

ஹோல்ம் எழுந்தார். அவர் மெதுவாகச் சீருடைச் சட்டையைக் கழற்றி, நாற்காலி முதுகில் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

“நியாயம்தான்” என்றார்.

அடுத்தது தேர்தல். வாக்குக்கு டேனிஷில் ‘ஸ்டெம்மெ’ என்று பாஷைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தான்.

“எல்லா ஸ்டெம்மெயும் வேண்டியதில்லை. போன தடவை மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடத்தான் கிடைத்தது. அதுவே போதுமாக இருந்தது.”

“மிச்ச ஸ்டெம்மெ எல்லாம் வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டுமா?” என்று போடில் அம்மா கவலையோடு கேட்டார்.

“இல்லை, இல்லை. முன்பு அப்படி இருந்தது. இப்போது அவர்களும் சத்தம் போடலாம். அதுதான் ஜனநாயகம். கடைசியாக ஒன்று. ஜனாதிபதிக்கு ஐந்து வருடம்தான். அதற்குப் பிறகு திரும்பி வரவே முடியாது.”

முதலில் இங்கெர் அம்மா கை தட்டினார். ஹோல்மும் தட்டினார். போடில் அம்மா மற்றவர்களைப் பார்த்தார். எல்லாத் தலையும் ஆடியது.

“இப்படி ஒரு திட்டத்தை நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை” என்றார் அவர். “ஒரே ஒரு கேள்வி. உங்கள் மனைவிக்குப் பாட வருமா?”

அந்தோனிதாசன் திகைத்தான். கொரியாவுக்கும் றெஜினாவின் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் றெஜினாவின் பெயரை எடுக்கிற எந்த வாய்ப்பையும் அவன் விடத் தயாரில்லை.

“நல்லாய்ப் பாடுவாள். மகளும் பாடுவாள். ஆனால் மன்னாரில் இருக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேல் பதிலே இல்லை.”

“பதிலே இல்லையா?” போடில் அம்மா புருவத்தைச் சுருக்கினார். “அது எப்படி? சட்டம் இருக்கிறதே! நாளைக்கே நான் ரயில் ஏறுகிறேன். யாருடைய கதவையாவது தட்டி ஏன் என்று கேட்கிறேன். பதில் சொல்லும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.”

“நானும் வருகிறேன்” என்றார் ஹோல்ம். “அங்கே சீருடை போடலாம்தானே?”

அந்தோனிதாசனுக்குக் கண் நிறைந்தது. ஃபாதர் அவனைக் கட்டிப்பிடித்தார்.

“அடுத்த ஞாயிறே நீங்கள் தொடங்குங்கள்!”

நிக்கலஸ் பக்கத்தில் வந்ததும் அவன் காதுக்குள் கேட்டான்.

“எங்கை அண்ணை தொடங்கட்டாம்? கொரியாவிலையோ?”

நிக்கலஸ் தாடையைச் சொறிந்தார். “டிக்கெட் அவையே போடுவினம் போல கிடக்கு. ஓம் எண்டு சொல்லு. றெஜினா வந்தாப் பிறகு மிச்சத்தைப் பாப்பம்.”

இங்கெர் அம்மா கைத்தடியை ஊன்றியபடி அவனிடம் வந்தார்.

“முதல் நாளுக்கு எந்தப் பாட்டு என்று இப்போதே சொல்லிவிடுங்கள். எனக்கு விரல் பழகவேண்டும்.”

“பாட்டா, அம்மா? கொரியாவுக்கு என்ன பாட்டு?”

இங்கெர் அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“கொரியாவை எங்களிடம் யார் தந்தது? ‘கோரெ’ என்றால் பாட்டுக்குழு, ‘ஸ்டெம்மெ’ என்றால் குரலும்தான், மகனே. பூசையில் உங்கள் பெரிய குரலைக் கேட்டுவிட்டுத்தான், இந்தக் கோயில் பாட்டுக்குழுவை எப்படி நடத்துவீர்கள் என்று ஃபாதர் கேட்டார்!”